தூக்குமரமும் சிறைச் செலவும்

"அவனுக்குச் சோறு போடுததுக்கா நாம வரி கட்டுதோம்? தூக்குல போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா!"

கொடூரமான கொலைச் செய்தி ஒன்று வந்துவிட்டால் வண்ணாரப்பேட்டை டீக்கடையிலும், பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும், கோர்ட்டு வாசலிலும் இந்தப் பேச்சு கேட்கும். கோபத்தில் வந்த வார்த்தை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செய்த குற்றத்துக்குத் தக்க தண்டனை எது என்பது ஒன்று. அதற்காக ஊர்ப் பணம் எவ்வளவு போகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் பட்டிமன்றங்களும் எழுபது ஆண்டுகளாகப் பேசி வருகின்றன. இரண்டாவதை எல்லோரும் சொல்கிறார்கள். உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் இந்த மாலையில் பணக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. கொரோனாவுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்ப்போம். அந்த ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் சுமார் 4,78,600 பேர் இருந்தார்கள். 2019-20 நிதியாண்டில் எல்லாச் சிறைகளுக்குமாகச் சேர்த்து ஆன செலவு ஏறக்குறைய 5,958 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 1,24,000 ரூபாய்க்குச் சற்று மேல், நாளைக்கு 340 ரூபாய் அளவில் வருகிறது. இதில் பெரும்பகுதி காவலர் சம்பளமும் நிர்வாகச் செலவும். சாப்பாட்டுக்கு ஆன செலவு 986 கோடி. அதாவது ஒரு கைதியின் மூன்று வேளைச் சோற்றுக்கு அரசு செலவழித்தது நாளைக்கு 56 ரூபாய்.

அதே ஆண்டு இறுதியில் நாடு முழுவதும் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர்கள் சுமார் 400 பேர். அத்தனை பேருக்கும் ஆன ஓராண்டுச் செலவு மேற்படி சராசரிப்படி ஐந்து கோடி ரூபாயைத் தொடவில்லை. மொத்தச் சிறைச் செலவை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தூக்குக் கைதிகளுக்கு ஆவது ஒரு ரூபாய்க்கும் குறைவு. நாளைக் காலையில் அந்த நானூறு பேரையும் தூக்கிலிட்டுவிட்டாலும் வரி கட்டுகிறவரின் பையில் மிஞ்சுவது அவ்வளவுதான். அதுவும் முழுதாக மிஞ்சாது. சிறைச் சுவரும் வார்டரின் சம்பளமும் அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? அதே அறிக்கையில் விசாரணைக் கைதிகள் 3,30,487 பேர். நூற்றுக்கு 69 பேர். குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள் இவர்கள். ஆயிரம் ரூபாய்ச் செலவில் கிட்டத்தட்ட 690 ரூபாய் இவர்களை அடைத்து வைப்பதற்குப் போகிறது. மூன்றாண்டு கழித்து 2022 இறுதியில் நிலைமை இன்னும் மோசம். மொத்தக் கைதிகள் 5,73,220. அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நூறு பேரில் எழுபத்தாறு பேர். நூறு பேருக்குக் கட்டிய இடத்தில் 131 பேர் படுத்திருந்தார்கள்.

வரிப்பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தூக்குமரத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைச் சிறை வாசலைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மனு பார்க்க வரும் குடும்பங்களைக் கவனித்தால் இந்தப் புள்ளிவிவரத்துக்கு முகம் கிடைக்கும். முக்கூடல், கடையம் பக்கத்திலிருந்து வருகிற பெண் அன்றைக்குப் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வருகிறாள். ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸுக்குக் காசு, வக்கீல் குமாஸ்தாவுக்குக் காசு, உள்ளே இருப்பவனுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கக் காசு. ஜாமீன் கிடைத்திருக்கும். ஆனால் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், சொத்து காட்ட வேண்டும், வீட்டுத் தீர்வை ரசீது வேண்டும், வி.ஏ.ஓ.விடம் சான்று வேண்டும். குடியிருக்கிற வீடே புறம்போக்கில் இருக்கும்போது தீர்வை ரசீதுக்கு எங்கே போவது? உத்தரவு கையில் இருந்தும் ஆள் உள்ளேயே கிடக்கிறான். வாய்தா தள்ளிப்போகிறது. நாளைக்கு 340 ரூபாய் நம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இந்த அநியாயம் அரசுக்குத் தெரியாததல்ல. ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்தது. ஜாமீன் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட வழியில்லாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் தரலாம் என்று அப்போது வகுத்தார்கள். 40,000 ரூபாய் என்றால் ஒரு கைதியை நாலு மாதம் உள்ளே வைத்திருக்க ஆகும் செலவு. கொடுத்து வெளியே விடுவது லாபமா, வைத்துக்கொண்டே இருப்பது லாபமா என்று பலசரக்குக் கடை நடத்துகிறவர்கூட உடனே சொல்லிவிடுவார்.

தாமிரபரணிக் கரையில் சிறையும் நீதியும் சந்தித்துக்கொண்ட ஒரு நாளை இந்த ஊர் மறக்க முடியாது. 1999 ஜூலை 23. கூலிப் போராட்டத்தில் சிறைப்பட்ட மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரிக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றில் இறங்கியவர்களில் குழந்தை உட்பட 17 பேர் செத்துப் போனார்கள். கூலி கேட்டவர்களைச் சிறைக்குள் வைத்ததற்கு அந்த ஆண்டு இந்த ஊர் கொடுத்த விலை எந்தப் பட்ஜெட்டிலும் எழுதப்படவில்லை. சிறைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று நினைக்கிற பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த ஊர்வலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கொலை செய்து தண்டனை பெற்றவர் சும்மா உட்கார்ந்தா சாப்பிடுகிறார்? ஆயுள் தண்டனை பெற்றவர் சிறையில் வேலை செய்கிறார். தறி, தையல், பேக்கரி, தோட்டம் என்று வேலைகள் உண்டு. பாளையங்கோட்டையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் கைதிகளே வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். நம்மில் பலர் அங்கே வண்டியை நிறுத்தியிருப்போம், கவனித்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டுச் சிறை விதிகளில் கைதியின் கூலியிலிருந்து பாதியைப் பராமரிப்புக்கும், ஐந்தில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதிக்கும் பிடிக்கும் முறை இருக்கிறது. மீதிதான் அவருக்கு. இந்தப் பிடித்தம் அளவுக்கு மீறியது என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும், உயிரோடு இருக்கும் கைதி தன் சோற்றில் ஒரு பங்குக்கு உழைத்துக் கட்டுகிறார். தான் கெடுத்த குடும்பத்துக்கு ஒரு சிறு தொகையாவது போக வழி இருக்கிறது. தூக்கிலிடப்பட்டவரால் அதுவும் முடியாது.

தூக்குத் தண்டனைக்கே தனிச் செலவு உண்டு. உயிரை எடுக்கும் தீர்ப்பு என்பதால் செஷன்ஸ் கோர்ட்டின் முடிவை உயர் நீதிமன்றம் கட்டாயம் உறுதி செய்ய வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, ஆளுநர், குடியரசுத் தலைவர், கருணை மனு நிராகரிக்கப்பட்டால் மறுபடியும் நீதிமன்றம். இந்தியாவில் இதற்கு ஆகும் செலவைத் தனியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிரித்துப் பார்த்தார்கள். ஆர்தர் அலார்கோன் என்ற மேல்முறையீட்டு நீதிபதியும் பவுலா மிட்செல் என்ற சட்டப் பேராசிரியரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1978 முதல் அந்த மாநிலம் மரண தண்டனைக்காகச் செலவிட்டது 400 கோடி டாலர். நிறைவேற்றப்பட்ட தண்டனைகள் 13. ஓர் உயிருக்கு 30 கோடி டாலருக்கு மேல். 2019 மார்ச்சில் அந்த மாநில ஆளுநர் மரண தண்டனைகளை நிறைவேற்றுவதை நிறுத்தி வைத்தார்.

செலவைக் குறைக்க மேல்முறையீடுகளைக் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை நிரபராதியின் உயிர். நம்மிடம் அதற்கும் கணக்கு இருக்கிறது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கை 2000-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுத் தீர்ப்புகளைத் தொடர்ந்து பார்த்தது. விசாரணை நீதிமன்றங்கள் தூக்கு விதித்தவர்களில் கடைசிவரை அந்தத் தண்டனை நிலைத்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 443 பேர் மேல் நீதிமன்றங்களில் விடுதலையே ஆனார்கள். தண்டனைக் குறைப்பு இல்லை, முழு விடுதலை. மேல்முறையீடு இல்லாதிருந்தால் அந்த 443 பேரின் கதி என்ன? அதே அறிக்கை தூக்குக் கைதிகளில் நாலில் மூன்று பேர் வறிய குடும்பத்தவர் என்றும் காட்டியது. நல்ல வக்கீல் வைக்க முடிந்தவர் தூக்குமர வாசல்வரை வருவது அபூர்வம்.

தமிழ்நாட்டிலேயே அண்மையில் ஒரு வழக்கு. 2017-இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. ஓராண்டில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இவ்வளவு விரைவாக நீதி கிடைத்ததே என்று பலரும் பாராட்டினார்கள். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. அரசுத் தரப்பு காட்டிய சாட்சியங்கள் குற்றத்தை ஐயமற நிரூபிக்கவில்லை என்றது. எட்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு மிஞ்சியது என்ன? உண்மைக் குற்றவாளி யார் என்ற பதில்கூட இல்லை. தூக்கு தூக்கு என்று கத்திய கூட்டத்தில் யாரும் புலன்விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கவில்லை. கோபம் தண்டனையின் அளவைக் கூட்டியது. சாட்சியத்தின் தரத்தைக் கூட்டவில்லை.

தவறு நடந்த பிறகு உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட நிகழ்வும் உண்டு. குற்றவாளியின் வாழ்க்கைச் சூழலைப் பார்க்கத் தேவையில்லை, குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும் என்ற தவறான அடிப்படையில் சில தூக்குத் தீர்ப்புகள் வந்துவிட்டன என்று 2009-இல் அது கூறியது. அதற்குள் அந்த வழியில் தண்டிக்கப்பட்ட ராஜஸ்தானியர் இருவர் 1996-இலும் 1997-இலும் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் 2012-இல் இதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். எஞ்சியிருந்தவர்களுக்காக எழுத முடிந்தது. போன இருவருக்காக எழுத ஒன்றுமில்லை.

அரசின் தீர்ப்பு எப்படி மாறும் என்று பார்க்க இந்த மண்ணை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார், நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். 1942-இல் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் துரை என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரு இளைஞர்களுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. அரசியல் காற்று மாறியதும் விடுதலையாகிச் சுதந்திர இந்தியாவில் தியாகிகளாக வாழ்ந்தார்கள். ஒரே செயல், நாலைந்து ஆண்டு இடைவெளி. முன்பு தூக்குக்கு உரிய குற்றம், பின்பு தியாகம். அந்த நாலைந்து ஆண்டு அவர்களுக்குக் கிடைத்திருக்காவிட்டால் தியாகிப் பட்டயத்தை யாரிடம் கொடுத்திருப்பார்கள்?

இனி, பயம். தூக்கு இருந்தால்தான் கொலைகாரன் அஞ்சுவான் என்பது ஆதரவாளர்களின் வலுவான வாதம். தாமிரபரணிப் படுகையில் அச்சுறுத்துவதற்காகவே திட்டமிட்டு நடத்தப்பட்ட தூக்கு கயத்தாற்றில் நடந்தது. 1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்திவைத்து, அவர்கள் கண் முன்னால் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். எல்லோரும் பார்க்க வேண்டும், பார்த்து அடங்க வேண்டும் என்பதே நோக்கம். அடங்கினார்களா? பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்திருந்த அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மக்கள் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். முதல் போரைவிடப் பெரிய போர் மூண்டது. மருதுபாண்டியர் சேர்ந்தார்கள், கலகம் சிவகங்கைவரை பரவியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை அடக்கியது படையின் எண்ணிக்கையால். கயத்தாற்றுத் தூக்கு ஒருவரையும் வீட்டில் உட்கார வைக்கவில்லை.

அது அரசியல், கொலைக் குற்றத்துக்கு அது பொருந்தாது என்பீர்களானால், இதே படுகையின் மேற்கு மூலைக்குப் போவோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. தென்காசியோ சென்னை மாகாணத்தில் திருநெல்வேலி ஜில்லா. இரண்டுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரே மலை, ஒரே சாரல், ஒரே பேச்சு, கொள்வினை கொடுப்பினை. செங்கோட்டை அனுமன் நதித் தண்ணீரும் குற்றாலத் தண்ணீரும் சிற்றாற்றில் கலந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கின்றன.

1944-இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் மரண தண்டனையை ஒழித்தது. இந்திய யூனியனின் பொதுச் சட்டம் அங்கும் வரும்வரை அந்த நிலை நீடித்தது. அந்தச் சில ஆண்டுகளில் தென்காசியில் ஒருவரைக் கொன்றால் தூக்கு, செங்கோட்டையில் கொன்றால் ஆயுள் சிறை. பயம்தான் மனிதனை அடக்குகிறது என்றால் செங்கோட்டைப் பக்கம் ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டும். மரண தண்டனை விவாதங்களில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு இது: திருவிதாங்கூரில் மரண தண்டனை இல்லாத 1945-50 காலத்தில் நடந்த கொலைகள் 962, அது திரும்பி வந்த 1950-55 காலத்தில் 967. தூக்கு வந்தபின் கொலை குறையவில்லை. இந்த இரண்டு எண்களை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. மக்கள்தொகையும் கூடியது, காலமும் மாறியது. ஆனால் தூக்கை நீக்கினால் கொலை பெருகும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து ஊரில், நம் சொந்தக்காரர்கள் மத்தியில் நடந்த சோதனை இது. திருநெல்வேலியில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மனிதனை அஞ்ச வைப்பது தண்டனையின் கொடுமை அல்ல, அகப்படுவோம் என்ற நிச்சயம். ஆணவக் கொலை வழக்குகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். உடுமலைப்பேட்டையில் 2016-இல் நடந்த கொலையில் திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கோகுல்ராஜ் கொலை வழக்கில் மதுரை நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதன்மைக் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை விதித்தது. சாட்சிகள் பிறழ்ந்தபோதும் அரசு வழக்கறிஞர் சி.சி.டி.வி. பதிவுகளை விடாப்பிடியாக நிறுவினார். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. எந்தத் தீர்ப்பு சாதி வெறியர்களை அதிகம் யோசிக்க வைத்திருக்கும்? தலைப்புச் செய்தியில் தூக்கு என்று வந்து மேலே போய்ச் சரிந்ததா, அல்லது சரியாமல் நின்றதா?

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெற்றவர்கள் நாள்கணக்கில் உடலை வாங்க மறுத்து நீதி கேட்டார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தத் தாய் தகப்பன் போன்றவர்களின் முன்னால் நின்று மரண தண்டனை கூடாது என்று சொல்வதற்கு மனத் துணிவு வேண்டும். "உன் வீட்டில் நடந்தால் தெரியும்" என்பார்கள். உண்மைதான். துக்கத்தில் இருப்பவர் எதையும் கேட்கலாம்; அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. அரசு செய்ய வேண்டியது வேறு. சாட்சிக்குப் பாதுகாப்பு, தடயங்களைக் கெடாமல் காத்தல், திறமையான அரசு வழக்கறிஞர், இழுத்தடிக்காத விசாரணை, குடும்பத்துக்கு உரிய இழப்பீடு. இவை எல்லாவற்றுக்கும் பணமும் உழைப்பும் ஆகும். மேடையில் தூக்கு வேண்டும் என்று முழங்குவதற்கு ஒரு பைசா ஆகாது. அதனால்தான் அரசியல்வாதிகளுக்கு இரண்டாவது எளிதாக இருக்கிறது.

நெல்லைச் சீமைக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இங்கே கொலை பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. அவன் எங்கள் ஆளை வெட்டினான், நாங்கள் அவன் ஆளை வெட்டினோம் என்று தலைமுறை தாண்டிப் போகிறது. கொலைக்குக் கொலைதான் நியாயம் என்ற நினைப்பிலிருந்து நம் பிள்ளைகளை வெளியே கொண்டுவரப் பாடுபடும் ஆசிரியர்களும் சமாதானக் குழுக்களும் இருக்கும்போது, அதே நினைப்பைச் சட்டப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு அரசு அவர்களுக்கு என்ன உதவி செய்ய முடியும்?

காத்திருப்பும் ஒரு தண்டனைதான். வாதீஸ்வரன் என்ற தமிழகக் கைதிக்கு 1975 ஜனவரியில் தூக்கு விதிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் தனிக் கொட்டடியில் இருந்தார். 1983-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, இவ்வளவு காலம் சாவை எதிர்பார்க்க வைத்ததே மனிதத்தன்மையற்றது என்று கூறித் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தூக்கு உறுதியான பேரறிவாளன் கைதானபோது வயது 19. அவரது வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், அதை அவர் சொன்னபடியே எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள் குறித்து, உயர் நீதிமன்றம் தடுத்ததால் தப்பியவர் அவர். 2022 மே 18-ஆம் நாள் விடுதலையானார். அந்த அதிகாரி வாய் திறந்தபோது கேட்பதற்கு அவர் உயிரோடு இருந்தார் என்பதே அந்த வழக்கில் நமக்கு மிஞ்சிய ஆறுதல்.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995 ஏப்ரல் 27-இல், சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு. முப்பது ஆண்டுகளாக இந்த மாநிலம் யாரையும் தூக்கிலிடவில்லை. அதனால் மாநிலம் குலைந்துவிடவும் இல்லை. இலங்கையில் 1976-க்குப் பிறகு தூக்கு நடக்கவில்லை. 2019-இல் அதிபர் சிறிசேன நாலு பேரின் ஆணையில் கையெழுத்திட்டபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. சிங்கப்பூரிலோ கயிறு இன்னும் ஓயவில்லை. சுமார் 43 கிராம் ஹெராயினுக்காக மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவரது அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர்கள் கூறியதும் அவரைக் காப்பாற்றவில்லை.

தூக்கு வேண்டாம், ஆயுள் சிறை போதும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. சிறை சிறையாக இருக்க வேண்டும். கொலைக்களமாகவோ சாதிக் கொட்டகையாகவோ இருக்கக் கூடாது. 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டைச் சிறைக்குள் விசாரணைக் கைதியான இளைஞர் ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். எந்த நீதிமன்றமும் அவருக்குத் தூக்கு விதிக்கவில்லை. இதே சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்துவந்தார்கள். சாதி மோதலைத் தவிர்க்கத்தான் என்ற அரசின் விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறையில் சாதி பார்த்து இடம் ஒதுக்குவதும் வேலை ஒதுக்குவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டையின் பெயர் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது. கல்விக்குப் பெயர் பெற்ற ஊருக்கு இது பெருமை அல்ல. தீர்ப்புக்குப் பிறகு உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது.

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் தனது 262-ஆம் அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் நீங்கலாக மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் மேல் நடவடிக்கை இல்லை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. அதே நாளில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவில் மட்டும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், முதல் முறை வழக்கில் சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். அதற்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர்.

ஆகவே இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர்களிடமும் சட்டக் கல்லூரி மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டைச் சிறையில் 479-ஆம் பிரிவின்படி வெளியே வரத் தகுதியான விசாரணைக் கைதிகள் எத்தனை பேர், ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டத்தில் இதுவரை எத்தனை பேருக்குப் பணம் கட்டப்பட்டது என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதியும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் இருக்கும் குழுதான் அந்தப் பணத்தை அனுமதிக்கிறது. அவர்களிடம் போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள். மனு பார்க்க வரும் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100 என்று சொல்லுங்கள். நம் தொகுதி எம்.பி.க்கு, 2015 அறிக்கையை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு எடுக்கச் சொல்லிக் கடிதம் போடுங்கள்.